ஒரே நஞ்சுக்கொடி, இரண்டு பிள்ளைகள்: 14 வாரத்துக்குள் கேட்க வேண்டிய கேள்வி

2020 ஜனவரி 20 அன்று கொழும்பு சுகததாச விளையாட்டரங்கில் ஆயிரக்கணக்கான இரட்டையர் கூடினார்கள். 1999 இல் தாய்வானில் பதிவான உலக சாதனையை முறியடிப்பது நோக்கம். சோடி சோடியாக, ஒரே நிற உடுப்போடு, கைக்குழந்தை முதல் முதியவர் வரை வந்திருந்தார்கள். சாதனை முயற்சி கைகூடவில்லை. ஆனால் படங்கள் உலகம் முழுவதும் பரவின.

அந்த அரங்குக்கு வந்தவர்கள் எல்லோரும் பிறந்து, பிழைத்து, வளர்ந்தவர்கள். கருவிலேயே ஒருவரையொருவர் இழந்த இரட்டையரை எந்த அரங்கிலும் எண்ண முடியாது. குடாநாட்டில் ஏதாவது ஒரு ஊரில் வயதானவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "இரட்டையாத்தான் இருந்தது, ஒண்டுதான் தங்கினது" என்று சொல்லும் ஒரு அம்மம்மாவை அநேகமாகச் சந்திப்பீர்கள். ஏன் தங்கவில்லை என்று கேட்டால் கிரகணம், கண்ணூறு, பாரம் தூக்கியது, "ஒண்டு மற்றதின்ர இரத்தத்தைக் குடிச்சிட்டுது" என்று பல காரணங்கள் வரும். கடைசியாகச் சொன்னதில் ஒரு மருத்துவ உண்மை ஒளிந்திருக்கிறது. ஆனால் அதில் பிள்ளையின் குற்றமும் இல்லை, தாயின் குற்றமும் இல்லை.

இந்தக் கட்டுரை அந்த உண்மையைப் பற்றியது. ஒரே நஞ்சுக்கொடியைப் பங்கிட்டு வளரும் ஒத்த இரட்டையருக்கு என்ன நடக்கிறது, அதை எப்போது கண்டுபிடிக்கலாம், போருக்குப் பின்னர் மீண்டெழ முயலும் எங்கள் சுகாதாரக் கட்டமைப்பில் அது எங்கே தவறிப்போகக்கூடும் என்பதைப் பார்ப்போம்.

பங்குக் கிணறு

இரட்டையர் இரண்டு வகை. இரண்டு முட்டைகள் தனித்தனியே கருக்கட்டினால் ஒவ்வாத இரட்டையர். அவர்கள் அக்கா தம்பியைப் போல, ஆளுக்கொரு நஞ்சுக்கொடியோடு வளர்வார்கள். தாயின் வயது, தாய் வழிப் பரம்பரை, கருத்தரிப்புச் சிகிச்சை ஆகியவை இந்த வகையைக் கூட்டும். ஒரே முட்டை கருக்கட்டிய பின் இரண்டாகப் பிரிந்தால் ஒத்த இரட்டையர். இது பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. இரட்டை வாழைப்பழத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. உலகின் எல்லா இனங்களிலும் 1,000 பிரசவத்துக்கு 3 அல்லது 4 என்ற அளவிலேயே நடக்கிறது.

ஒத்த இரட்டையரிலும் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. கருக்கட்டி முதல் மூன்று நாட்களுக்குள் பிரிந்தால் இருவருக்கும் தனித்தனி நஞ்சுக்கொடி. நான்காம் நாளுக்கும் எட்டாம் நாளுக்கும் இடையில் பிரிந்தால் நஞ்சுக்கொடி ஒன்று, பனிக்குடப் பை இரண்டு. அதற்கும் பிந்தினால் நஞ்சுக்கொடியும் ஒன்று, பையும் ஒன்று. ஒத்த இரட்டையரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் நஞ்சுக்கொடியைப் பங்கிடுபவர்கள்.

பாடப்புத்தகம் சூல்வித்தகம் என்று சொல்வதைத்தான் ஊரில் நஞ்சு அல்லது நஞ்சுக்கொடி என்கிறோம். தாயிடமிருந்து ஒட்சிசனையும் ஊட்டத்தையும் பிள்ளைக்குக் கடத்துவது அது. யாழ்ப்பாணத்துக் காணி உறுதி வாசித்தவர்களுக்குக் கிணற்றுப் பங்கு என்றால் என்னவென்று விளங்கும். இரண்டு வளவுக்கு ஒரு கிணறு. பங்கு சரியாக இருந்தால் இரண்டு தோட்டமும் செழிக்கும். ஒருவருக்கு முக்காலும் மற்றவருக்குக் காலும் என்று வந்தால் ஒரு தோட்டம் வாடும். ஒரே நஞ்சுக்கொடி இரட்டையரின் கதையும் இதுதான். ஆனால் இங்கே பங்கு பிரிப்பது யாரும் எழுதிய உறுதி அல்ல, தற்செயல்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே நஞ்சுக்கொடிக்குள் இருவருடைய இரத்தக் குழாய்களும் பெரும்பாலும் எப்போதும் ஒன்றோடொன்று தொடுத்திருக்கும். ஒருவரின் இரத்தம் மற்றவருக்குப் போகும், திரும்பியும் வரும். போக்கும் வரவும் சமமாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. சமநிலை குலைந்தால்தான் ஆபத்து.

என்னென்ன நடக்கலாம்?

முதலாவது, வளர்ச்சி வேறுபாடு. நஞ்சுக்கொடியில் சிறிய பங்கு கிடைத்த பிள்ளை பின்தங்கிவிடும். கணக்கு எளியது. பெரிய பிள்ளையின் நிறை 1,000 கிராம், சிறிய பிள்ளையின் நிறை 720 கிராம் என்று ஸ்கான் மதிப்பிட்டால் வித்தியாசம் 280 கிராம், அதாவது 28 வீதம். 25 வீதத்தையோ அதற்கு மேலோ தொட்டால் வைத்தியர்கள் அதைத் தெரிவுசெய்த வளர்ச்சிக் குறைபாடாகக் கருதிக் கண்காணிப்பார்கள். நஞ்சுக்கொடியைப் பங்கிடும் இரட்டையரில் 10 தொடக்கம் 15 வீதமானவர்களுக்கு இது ஏற்படுகிறது. அடுத்த படி, சிறிய பிள்ளையின் தொப்புள்கொடியில் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று டொப்ளர் ஸ்கானில் பார்ப்பது. இரத்தம் தடையின்றி முன்னோக்கி ஓடினால் பெரும்பாலான பிள்ளைகள் தப்பிவிடும். ஓட்டம் இடையில் நின்றாலோ, பின்னோக்கித் திரும்பினாலோ, அடிக்கடி மாறிக்கொண்டிருந்தாலோ நிலைமை கடினம்.

இரண்டாவது, இரட்டையருக்கிடையிலான இரத்த மாற்றம். இதுவும் 10 தொடக்கம் 15 வீதமானவர்களுக்கு, பெரும்பாலும் 16 ஆம் வாரத்துக்கும் 26 ஆம் வாரத்துக்கும் இடையில் வருகிறது. ஒரு பிள்ளையிடமிருந்து மற்றதற்கு இரத்தம் ஒருவழியாகப் போய்க்கொண்டிருக்கும். கொடுக்கும் பிள்ளைக்குச் சிறுநீர் குறையும், அதைச் சுற்றிய பனிக்குட நீர் வற்றும், பை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். வாங்கும் பிள்ளைக்கு நீர் பெருகும், இதயம் அளவுக்கு மீறிய வேலை செய்து களைக்கும். ஒரு பக்கம் நீரின் ஆழம் 2 சென்ரிமீற்றருக்குக் கீழும் மறுபக்கம் 8 சென்ரிமீற்றருக்கு மேலும் இருந்தால் நோய் உறுதியாகிறது. சிகிச்சையின்றி விட்டால், ஐந்தாம் ஆறாம் மாதத்தில் தீவிரமாக வரும் நோயில் 80 தொடக்கம் 90 வீதமான பிள்ளைகள் இறந்துபோகும். "ஒண்டு மற்றதின்ர இரத்தத்தைக் குடிச்சிட்டுது" என்ற ஊர்ப்பேச்சு இதைத்தான் தொட்டுச் செல்கிறது. ஆனால் குடித்ததாகச் சொல்லப்படும் பிள்ளைதான் பல வேளைகளில் இதயம் செயலிழந்து முதலில் இறக்கிறது. கொடுத்ததும் வாங்கியதும் இரண்டுமே பாதிக்கப்பட்டவை.

மூன்றாவது, மெதுவான கசிவு. நீரின் அளவு இரு பைகளிலும் சரியாகவே இருக்கும். ஆனால் மிக நுண்ணிய குழாய்கள் வழியாக இரத்தம் சிறிது சிறிதாகப் போய், ஒரு பிள்ளை வெளிறியும் மற்றது கடுஞ்சிவப்பாகவும் பிறக்கும். இது 100 இல் 3 தொடக்கம் 5 பேருக்குத் தானாக வரும். பிள்ளையின் மூளைக்குச் செல்லும் நாடியில் இரத்தம் ஓடும் வேகத்தை அளந்தால்தான் பிறக்க முன்னர் கண்டுபிடிக்கலாம். இவற்றோடு, இருவரும் ஒரே பையில் இருந்தால் தொப்புள்கொடிகள் முறுக்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. அப்படிப்பட்டவர்களை 32 ஆம் வாரத்துக்கும் 34 ஆம் வாரத்துக்கும் இடையில் சத்திரசிகிச்சை மூலம் பிறக்க வைப்பது வழக்கம்.

இவை எல்லாவற்றிலும் ஒரு விடயத்தை வீட்டார் விளங்கிக்கொள்ள வேண்டும். குழாய்கள் தொடுத்திருப்பதால் ஒரு பிள்ளை கருவில் இறந்தால், உயிரோடு இருக்கும் பிள்ளையின் இரத்தம் சில நிமிடங்களுக்குள் இறந்த பிள்ளையின் பக்கம் வடியலாம். இதனால் மற்றப் பிள்ளையும் இறக்கும் வாய்ப்பு சுமார் 15 வீதம். தப்பும் பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு மூளைப் பாதிப்பு வரலாம். தனித்தனி நஞ்சுக்கொடி உள்ள இரட்டையரில் இந்த ஆபத்து மிகக் குறைவு. அந்த நேரத்தில் "உடனே ஒப்பரேசன் செய்து மற்றப் பிள்ளையை எடுங்கோ" என்று குடும்பத்தினர் கெஞ்சுவது இயல்பு. வைத்தியர் பொறுத்திருக்கச் சொன்னால் அதை அலட்சியம் என்று எண்ணிவிடக் கூடாது. பாதிப்பு வந்திருந்தால் அது ஏற்கனவே வந்து முடிந்திருக்கும். குறைமாதத்தில் அவசரமாக எடுப்பது தப்பிய பிள்ளைக்கு இரண்டாவது அடியாகிவிடும்.

எல்லாம் தொடங்குவது ஒரு கேள்வியில்

இத்தனை சிக்கலுக்கும் முதல் சாவி ஒரு சிறு தகவல்: நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா? அதைத் தெளிவாகச் சொல்லக்கூடிய காலம் 11 ஆம் வாரம் முதல் 14 ஆம் வாரம் வரை. பைகளைப் பிரிக்கும் சவ்வு நஞ்சுக்கொடியைத் தொடும் இடத்தில், இரண்டு நஞ்சுக்கொடி என்றால் முக்கோண வடிவில் ஒரு தடித்த முனை தெரியும். ஒன்றுதான் என்றால் மெல்லிய சவ்வு செங்குத்தாக வந்து முட்டும். வாரங்கள் கடந்தால் இந்த அடையாளம் மங்கிவிடும். 20 ஆம் வாரத்தில் முதன்முறை ஸ்கானுக்குப் போகும் தாய்க்கு இதை உறுதியாகச் சொல்வது கடினமாகலாம்.

இங்கே ஒரு தவறான நிம்மதி பரவலாக உண்டு. "பை ரெண்டு இருக்கு, பயமில்லை" என்பார்கள். பைகள் இரண்டாக இருந்தும் நஞ்சுக்கொடி ஒன்றாக இருப்பதுதான் நஞ்சுக்கொடியைப் பங்கிடும் இரட்டையரில் மிகப் பெரும்பான்மை. மேலே சொன்ன இரத்த மாற்றமும் வளர்ச்சி வேறுபாடும் வருவது அவர்களுக்குத்தான். எனவே ஸ்கான் அறிக்கையில் "இரட்டையர், இதயத் துடிப்பு உண்டு" என்று மட்டும் எழுதியிருந்தால் அது பாதி அறிக்கை.

நஞ்சுக்கொடி ஒன்று என்று தெரிந்துவிட்டால் அடுத்த விதி: 16 ஆம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கான். பிரித்தானியாவின் தேசிய வழிகாட்டியும் சர்வதேச வழிகாட்டிகளும் இதையே சொல்கின்றன. மாதம் ஒருமுறை போதாது. இரத்த மாற்றம் சில நாட்களுக்குள் முற்றக்கூடியது. வேறு சிக்கல் இல்லாவிட்டால் 36 ஆவது வாரமளவில் பிறக்க வைப்பதே பாதுகாப்பானது.

உலகம் கற்றபோது நாங்கள் எங்கே இருந்தோம்?

இந்த நோய்க்கு மருந்து கண்டுபிடித்த காலத்தையும் எங்கள் போர்க் காலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கசப்பான ஒற்றுமை தெரிகிறது.

கருப்பைக்குள் மெல்லிய குழாய்க் கமராவைச் செலுத்தி, நஞ்சுக்கொடியில் இணைந்திருக்கும் குழாய்களை லேசரால் சுட்டு அடைக்கும் முறையின் முதல் முடிவுகளை அமெரிக்க வைத்தியர் ஜூலியன் டி லியா 1990 இல் வெளியிட்டார். அந்த ஆண்டு யூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியது. பொருளாதாரத் தடை இறுகியது. மின்சாரமற்ற வீடுகளில், மண்ணெண்ணெய் விளக்கில் பிரசவ வலி கண்ட தாய்மாரின் தசாப்தம் அது. தெற்கே போக வேண்டிய நோயாளிகள் இரவில் கிளாலிக் கடனீரேரியைப் படகில் கடந்தார்கள். 1995 ஒக்டோபர் 30 இன் பெரும் இடப்பெயர்வில் வலிகாமமே தென்மராட்சிக்கும் அப்பாலும் நடந்தது. அந்தக் கூட்டத்தில் நிறைமாதத் தாய்மாரும் இருந்தார்கள்.

1999 இல் அமெரிக்க வைத்தியர் ரூபன் குயின்டெரோ இந்த நோயை ஐந்து கட்டங்களாக வகைப்படுத்தினார். அப்போதும் ஏ-9 வீதி மூடியே கிடந்தது. 2004 இல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று 142 தாய்மாரைக் கொண்டு, ஊசியால் நீரை வடிப்பதைவிட லேசர் சிகிச்சை மேலானது என்று நிறுவியது. லேசர் பெற்றவர்களில் 76 வீதமானோருக்கு, நீர் வடிக்கப்பட்டவர்களில் 56 வீதமானோருக்குக் குறைந்தது ஒரு பிள்ளையாவது பிறந்து 28 நாள் தாண்டி உயிரோடு இருந்தது. அந்த ஆண்டு எங்களுக்குப் பாதை திறந்திருந்தது. 2006 ஒகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது.

இலங்கையில் இரட்டையர் பற்றிய ஆய்வு இல்லாமல் இல்லை. 1997 இல் ஆரம்பிக்கப்பட்ட இலங்கை இரட்டையர் பதிவேடு வளர்முக நாடுகளில் முன்னோடியான ஒன்று. அதன் பெரிய கள ஆய்வு கொழும்பு மாவட்டத்தில் 2005 க்கும் 2007 க்கும் இடையில் நடந்தது. அது வளர்ந்தவர்களின் உளநலம் பற்றியது, கர்ப்பகாலம் பற்றியது அல்ல. ஆனாலும் ஒன்றை யோசிக்க வேண்டும். கொழும்பில் இரட்டையரை வீடு வீடாக எண்ணிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் குடாநாடு மூடப்பட்டது. 2009 இன் முதல் மாதங்களில் வன்னியில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணைக்கு இலக்காகி, புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் தற்காலிக வைத்தியசாலைகள் இயங்கின. அங்கே எத்தனை தாய்மாருக்கு இரட்டைக் கரு இருந்தது, அவற்றில் எத்தனை ஒரே நஞ்சுக்கொடி என்று எந்தப் பதிவேடும் சொல்லாது.

இன்றைய சங்கிலி, அதன் பலவீனமான கண்ணிகள்

போருக்குப் பின்னர் நிலைமை மாறவில்லை என்று சொல்வது நியாயமாகாது. யாழ்.போதனா வைத்தியசாலையோடு பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. 1978 இல் தொடங்கிய யாழ்.மருத்துவ பீடம் போர்க்காலம் முழுவதும் வைத்தியர்களை உருவாக்கியது. 2018 யூலையில் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை வடக்குக்கு விரிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தர் இருக்கிறார். 1926 இல் களுத்துறையில் ஆரம்பித்த அந்த முறைதான் இலங்கையின் தாய்சேய் நலனின் முதுகெலும்பு. வசதி படைத்த பல நாடுகளிலும் இப்படி ஒரு சேவை இல்லை.

ஆனால் சங்கிலியின் கண்ணிகள் எல்லாம் ஒரே வலுவில் இல்லை.

முதல் கண்ணி பதிவு. கர்ப்பம் என்று தெரிந்ததும் எட்டு வாரத்துக்குள் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிய வேண்டும். "மூண்டு மாசம் கழியட்டும், பிறகு சொல்லுவம்" என்று மறைப்பது எங்கள் வழக்கம். கண்ணூறு பயம், முன்னர் கலைந்த அனுபவம் என்று அதற்குக் காரணங்கள் உண்டு. ஆனால் மூன்று மாதம் கழித்து ஸ்கானுக்குத் திகதி எடுக்கும்போது 14 ஆம் வாரம் தாண்டிவிடுகிறது.

இரண்டாவது கண்ணி தூரம். நெடுந்தீவுத் தாய்க்குக் குறிகட்டுவானுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம், அங்கிருந்து நகருக்குத் தரைவழியாக இன்னொரு பயணம். அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் படகுதான் வழி. கடல் கொந்தளிக்கும் நாளில் அதுவும் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கான் என்று எழுதிக் கொடுப்பது இலகு. கடற்றொழிலாளியின் மனைவிக்கு, கையில் இன்னொரு பிள்ளையோடு, அது ஒரு நாள் உழைப்பும் பயணச் செலவும்.

மூன்றாவது கண்ணி ஆளணி. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் நூற்றுக்கணக்கான வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். எரிபொருள் வரிசையும் மருந்துத் தட்டுப்பாடும் இருந்த அந்தக் காலத்தின் தாக்கம் இன்னும் தீரவில்லை. 2024 யூலையில் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலையின் குறைபாடுகளை முன்வைத்துத் தென்மராட்சி மக்கள் வீதிக்கு வந்தார்கள். அந்தப் போராட்டத்தைச் சுற்றிப் பின்னர் எழுந்த அரசியலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், மக்கள் கேட்டது ஒன்றுதான்: எங்கள் ஊரில் இருக்கும் வைத்தியசாலையில் எங்களுக்குத் தேவையான சேவை கிடைக்க வேண்டும்.

நான்காவது கண்ணி மேற்சிகிச்சை. லேசர் சிகிச்சை கைதேர்ந்த கருநல நிபுணர்கள் செய்வது. அது 16 ஆம் வாரத்துக்கும் 26 ஆம் வாரத்துக்கும் இடையில், நோய் முற்றுமுன் நடக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். சென்னையில் மெடிஸ்கான் போன்ற கருநல நிலையங்கள் இருக்கின்றன. பலாலியிலிருந்து சென்னைக்கு 2019 இல் ஆரம்பித்து இடையில் நின்ற விமான சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது. வரைபடத்தில் சென்னை கிட்ட. ஆனால் விசா, செலவு, துணைக்கு ஆள், நீர் நிறைந்து இறுகிய வயிற்றோடு பயணம் என்று பார்த்தால் அது பலருக்கு எட்டாத தூரம். லேசருக்குப் போக முடியாதவர்களுக்கு ஊசியால் நீரை வடிப்பது, குறைமாதப் பிரசவம் நெருங்கினால் பிள்ளைகளின் சுவாசப்பை முதிர ஸ்ரீரொய்ட் ஊசி ஏற்றுவது, குறைமாதப் பராமரிப்பு உள்ள இடத்தில் பிரசவிக்க வைப்பது ஆகியவை இங்கேயே செய்யக்கூடியவை. இவையும் உயிர் காப்பவைதான்.

சட்டமும் ஒரு கண்ணி. ஒரு பிள்ளை தப்பவே முடியாத நிலையில், மற்றதைக் காப்பாற்ற அதன் இரத்த ஓட்டத்தை நிறுத்துவது பல நாடுகளில் பெற்றோர் முன் வைக்கப்படும் ஒரு தெரிவு. இலங்கையில் 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. அதனால் அந்த உரையாடலே இங்கு அச்சத்தோடுதான் தொடங்க முடியும்.

அக்கா ரொறன்ரோவில், தங்கச்சி தீவகத்தில்

புலம்பெயர்ந்த குடும்பங்களில் இந்த வேறுபாடு ஒரே தொலைபேசி அழைப்பில் தெரியும். லண்டனில் இருக்கும் தமிழ்த் தாய்க்கு நஞ்சுக்கொடி ஒன்று என்று தெரிந்த நாளிலேயே இரண்டு வார ஸ்கான் அட்டவணை தரப்படுகிறது. தேவைப்பட்டால் கிங்ஸ் கல்லூரி வைத்தியசாலையில் லேசர் சிகிச்சை. ரொறன்ரோவில் மவுண்ட் சினாய் வைத்தியசாலை. இருவரும் தம் கையால் பணம் கட்டுவதில்லை. ஒரே தாய் வயிற்றில் பிறந்த இரண்டு சகோதரிகளில் ஒருத்தியின் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் வாய்ப்பு மற்றவளின் பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் போவது உடற்கூற்றால் அல்ல. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊருக்கு ஸ்கான் இயந்திரம் அன்பளிப்புச் செய்வது நல்ல காரியம். ஆனால் இயந்திரத்தைவிட அதை இயக்கப் பயிற்சி பெற்றவரும், தாய் அங்கே வந்து சேரும் வழியும் கூடுதலாகத் தேவை.

இது பெரிய செலவா?

கணக்குப் பார்ப்போம். 10,000 பிரசவங்களில் ஏறக்குறைய 25 தாய்மார் நஞ்சுக்கொடியைப் பங்கிடும் இரட்டையரைச் சுமப்பார்கள். 16 ஆம் வாரம் முதல் 36 ஆம் வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒன்று என்றால் ஆளுக்கு 11 ஸ்கான். மொத்தம் 275. வாரத்துக்கு ஐந்து அல்லது ஆறு. எண்ணிக்கை குறைவு என்பதால்தான் இது நிர்வாகத்தின் கண்ணில் படாமல் போகிறது. எண்ணிக்கை குறைவு என்பதால்தான் இதைச் சரியாகச் செய்யவும் முடியும்.

புதிய கட்டடம் தேவையில்லை. கர்ப்பகாலப் பதிவேட்டில் இரட்டையர் என்றால் நஞ்சுக்கொடி எத்தனை என்று கட்டாயமாக எழுதும் ஒரு பழக்கம் வேண்டும். அரச வைத்தியசாலையிலோ தனியாரிடமோ, எங்கே ஸ்கான் செய்தாலும் அந்த வரி இருக்க வேண்டும். ஒன்று என்று எழுதப்பட்டவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் போதனா வைத்தியசாலையில் தனி நேரம் ஒதுக்கலாம். தீவகத்துத் தாய்மாருக்குப் பயணக் கொடுப்பனவும், 28 வாரத்துக்குப் பின்னர் தேவைப்பட்டால் நகரில் தங்குமிடமும் உள்ளூராட்சிச் சபைகளும் ஊர்ச் சங்கங்களும் சேர்ந்து செய்யக்கூடியவை. லேசர் தேவைப்படும் தாயை எந்த நிலையத்துக்கு, யாருடைய தொடர்பில், எத்தனை மணித்தியாலத்துக்குள் அனுப்புவது என்று மாகாண சுகாதாரத் திணைக்களத்திடம் எழுத்தில் ஒரு ஒழுங்கு வேண்டும். இவற்றோடு, வடக்கில் பிறந்த, பிறக்காமல் போன இரட்டையரை நஞ்சுக்கொடி வகையோடு பதிந்து ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். எண்ணாத இழப்புக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை என்பது எங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டிய பாடம் அல்ல.

தாய்மாருக்கு

இரட்டையர் என்று தெரிந்த தாய் கவனிக்க வேண்டியவை சில. நான்காம் மாதத்துக்குப் பின்னர் சில நாட்களுக்குள் வயிறு திடீரென்று பெருத்து இறுகுதல், மூச்சு வாங்குதல், படுக்க முடியாத அந்தரம், வயிறு விட்டு விட்டு இறுகும் வலி, நீர் போதல், பிள்ளைகளின் அசைவு குறைதல். இவற்றில் எதைக் கண்டாலும் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்கக் கூடாது. அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். "இரட்டை எண்டால் வயிறு பெருக்கும்தானே" என்று மாமியோ பக்கத்து வீட்டாரோ சொன்னாலும் போக வேண்டும்.

ஒன்றை இழந்த தாயிடம் "ஒண்டு இருக்குத்தானே, அதைப் பார்" என்று சொல்லாதீர்கள். ஆறுதலாக நினைத்துச் சொல்லப்படும் வார்த்தை அது. ஆனால் பிள்ளைகள் எத்தனை என்ற கேள்விக்கு எந்த எண்ணைச் சொல்வது என்று தடுமாறும் தாய்மார் எங்கள் மண்ணில் ஏற்கனவே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையையும் சேர்த்துச் சொல்வதா, விட்டுவிட்டுச் சொல்வதா என்று அவர்கள் படும் பாட்டை நாங்கள் அறிவோம். கருவில் இழந்தவளின் துயரம் வேறு வகை. ஆனால் அவளுக்கும் தன் பிள்ளைகளை இரண்டு என்று எண்ணும் உரிமை உண்டு. என்ன பாவம் செய்தோமோ, எதைத் தின்றோமோ என்று அவள் தன்னையே குடையாமல் இருக்க, நடந்தது என்ன என்று வைத்தியர் அவளை இருத்தி விளக்க வேண்டும்.

இவற்றில் பலவற்றை அரசும் மாகாண நிர்வாகமும்தான் செய்ய வேண்டும். ஆனால் ஒன்றை இன்றைக்கே ஒரு தாய் செய்யலாம். இரண்டு இதயம் துடிக்கிறது என்று திரையைக் காட்டும்போது, மகிழ்ச்சியில் எழுந்து வர முன்னர், ஒரு கேள்வியைக் கேட்டு, அதற்கான பதிலைக் கிளினிக் கார்டில் எழுதுவித்துக்கொண்டு வர வேண்டும்: "டொக்டர், நஞ்சு ஒண்டோ, ரெண்டோ?"